ரீவெர்ப்: எதிரொலி அல்ல, எதிர்முழக்கம்

திருவிழா மேடையில் பாடகர் மைக்செட்காரரைத் திரும்பிப் பார்த்து "எக்கோவைக் குறைங்க" என்று கைகாட்டுவார். அவர் குறைக்கச் சொல்வது பெரும்பாலும் எக்கோ அல்ல, ரீவெர்ப். மேடைப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டது. எழுத்திலும் 'எதிரொலி' என்று போட்டு வேலையை முடித்துக்கொள்கிறோம். சர்ஃப் கிட்டார், அதாவது 1960களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்குக்காரர்களிடையே எழுந்த கிட்டார் இசை, பற்றி எழுதும்போது இந்தச் சுருக்கவழி உதவாது. அந்த இசையின் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாக மல்லுக்கு நிற்பதே இந்த ஒரு பொருளைப் பற்றித்தான். சர்ஃப் கிட்டார் முன்னோடி டிக் டேலின் பிற்காலக் கச்சேரிகளைக் கேட்டவர்களில் சிலர் மெய்சிலிர்த்தும் சிலர் முகம் சுளித்தும் திரும்பியதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். 'வெர்பெரா' என்றால் சாட்டை, சாட்டையடி. 'ரெவெர்பெராரே' என்றால் திருப்பி அடித்தல். அடித்துத் திருப்பப்படும் ஒலி என்ற பொருளில் அது 'ரிவெர்பரேஷன்' ஆயிற்று. அதன் வாலை நறுக்கியதுதான் இசைக்காரர்களின் 'ரீவெர்ப்'. நறுக்கல் இந்தக் காலத்து வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில், முதல் காட்சியிலேயே, இதே குறுகிய வடிவம் வினைச்சொல்லாக வந்துவிடுகிறது. கருவிக்கும் அதன் விளைவுக்கும் பெயராக நிலைத்ததுதான் இருபதாம் நூற்றாண்டில்.

எதிரொலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு காலத்தில் இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 0.1 விநாடிக்குப் பிறகு வந்தால் காது அதைத் தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கும். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்றால், சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அது எதிரொலி. 'அம்மா' என்று கூப்பிட்டால் 'அம்மா' என்று திரும்பி வரும். சுவர்கள் நெருங்கியிருந்து, நூற்றுக்கணக்கான தெறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தால் எதையும் பிரிக்க முடியாது. ஒலி நின்ற பிறகும் ஒரு வால் நீண்டு தேய்ந்து மறையும். அதுதான் ரீவெர்ப். ஒலியின் அளவு 60 டெசிபல் குறைய ஆகும் நேரமே அந்த வாலின் நீளம். ஹார்வர்டில் 1890களில் இதை முதன்முதலாக முறைப்படி அளந்தவர் வாலஸ் சபைன். நமது இயற்பியல் பாடநூல்கள் இதற்கு 'எதிர்முழக்கம்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பாடநூலோடு அது நின்றுவிட்டது என்பதுதான் குறை.

நல்ல சொல் அது. 'முழங்கு' தன்வினை, 'முழக்கு' பிறவினை. பறையை முழக்குகிறோம், முரசு முழங்குகிறது. முழவு என்பதும் அடித்து ஒலிக்கும் தோற்கருவிதான். ஆக, லத்தீன்காரர் சொல்லுக்குள் ஒளித்துவைத்த அடி, தமிழ்ச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது. கடலுக்கும் தமிழில் முழக்கமே உரியது. 'முழங்கு முந்நீர்' என்று தொடங்குகிறது புறநானூற்றின் 18-ஆம் பாட்டு. அலைச்சறுக்கு இசையின் அடையாளமாகிப்போன ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. 'ஒத்ததிர்வு' (ரெசனன்ஸ்) வேறு இயற்பியல். 'கார்வை' ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவது. அது வாசிப்பவர் கையில் இருக்கிறது, கூடத்தில் இல்லை. இரண்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கூடத்தில் பிறப்பதைப் பெட்டிக்குள் அடைத்தது சுருள்வில். லாரன்ஸ் ஹேமண்ட் தன் மின் ஆர்கனுக்காக இதைக் கொண்டுவந்தார். தேவாலயத்தில் ஒலிக்க வேண்டிய வாத்தியம் கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் செத்துக் கிடந்ததே காரணம். ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் விற்பனைக்கு விட்ட 6ஜி15 என்ற தனிப் பெட்டி அதே சுருள்வில் தட்டை, அதாவது வில்கள் பொருத்திய தட்டை, கிட்டாருக்குக் கொண்டுவந்தது. ஒரு முனையில் உள்ள சுருள் மின்னோட்டத்தால் சிறு காந்தத்தை முறுக்க, அந்த முறுக்கு கம்பிச்சுருள் வழியே ஓடி மறுமுனையில் மீண்டும் மின்குறிப்பாகிறது. சுமார் 42 சென்டிமீட்டர் நீளத் தட்டில் ஒருமுறை கடக்க ஏறத்தாழ 33 முதல் 41 மில்லிவிநாடி ஆகும். தட்டிலுள்ள இரண்டு வில்களுக்கும் நேரம் வேறாக வைத்திருப்பது வேண்டுமென்றே. ஒன்றாக இருந்தால் ஒலி உலோகக் குழாய்க்குள் சிக்கியதுபோல் கேட்கும். வில்லுக்குள் தாழ்ந்த அதிர்வெண்கள் முந்தியும் உயர்ந்தவை பிந்தியும் வந்து சேர்கின்றன. ஒரு வெட்டுத் தட்டல் மறுமுனையில் நீர்த்துளி விழுவதுபோல் வளைந்து கேட்பது இதனால்தான். அதைத்தான் சர்ஃப்காரர்கள் 'ட்ரிப்' என்கிறார்கள். எந்தக் கல் கூடத்திலும் அது கிடைக்காது. சுருள்வில்லின் குறையே அதன் அழகாகிவிட்டது.

பெட்டியில் மூன்று திருகுகள்தான்: டுவெல், மிக்சர், டோன். மிக்சர், முழக்கம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது. டோன், அந்த முழக்கத்தின் கூர்மை. பெயரில் ஏமாற்றுவது டுவெல். சொல்லுக்குப் பொருள் 'தங்கு'. ஆனால் அது வாலின் நீளத்தை நேரடியாக மாற்றுவதில்லை, வில்லை எவ்வளவு வலுவாக உந்துவது என்பதைத்தான் மாற்றுகிறது. எனவே தமிழில் 'தங்கல்' என்று எழுதுவதைவிட 'உந்தல்' என்று எழுதுவது வாசிப்பவருக்கு உதவும்.

இனி டிக் டேல். 1937-ல் பாஸ்டனில் ரிச்சர்ட் மன்சூராகப் பிறந்தவர், தந்தைவழி லெபனான். கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, 1961 கோடையில் பால்போவாவின் ரான்டேவூ நடனக்கூடத்தில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்தவர். லியோ ஃபெண்டருடன் சேர்ந்து பெரிய ஒலிபெருக்கிகளைச் சோதித்தவர். 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கர் கொண்ட ஷோமேன் பெருக்கி அந்தச் சோதனைகளில் உருவானது. இடது கைக்காரர். வலது கைக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். மற்றவர்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 முதல் 46 வரை தடிமனுள்ள கம்பிகளைப் போடும்போது அவர் 16 முதல் 60 வரை போட்டார். கம்பியைத் தட்டும் பிளெக்ட்ரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தேய்ந்து போகும்.

'சர்ஃப் கிட்டாரின் அரசர்' என்ற பட்டத்தோடு ரீவெர்பையும் சேர்த்தே அவரோடு இணைத்துப் பேசுவார்கள். ஆனால் 1961-ல் வந்த அவரது 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' பதிவில் சுருள்வில் முழக்கம் இல்லை. 1962-ன் 'சர்ஃபர்ஸ் சாய்ஸ்' தொகுப்பும் உலர்ந்த, அதாவது முழக்கம் கலக்காத, ஒலிதான். ரீவெர்பை அவர் முதலில் கேட்டதே பாடுவதற்கு. தன் குரலில் இயல்பான அசைவு இல்லை என்ற குறை அவருக்கு இருந்தது. கிட்டாரில் அது ஏறியது பிறகு. சர்ஃப் ஒலி என்பது இயந்திரத் துப்பாக்கிபோல விழும் அடி, ரீவெர்ப் அல்ல என்று அவரே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரம்ஸ்காரர் ஜீன் க்ரூபாவைக் கொண்டாடியவர், மாமாவிடம் தரபுக்கா என்ற அரபுக் கைம்முழவைத் தட்டக் கற்றவர் வேறெப்படிச் சொல்வார்?

ஈரம், உலர் என்ற பிளவு அவரோடு தொடங்கியதும் அல்ல. பெல்-ஏர்ஸ் என்ற சர்ஃப் குழுவின் இரண்டு கிட்டார்காரர்களுக்கும் 1963 வாக்கில் புதிய ஃபெண்டர் ரீவெர்ப் ஒலி பற்றி ஒத்துப்போகவில்லை. பால் ஜான்சன் உலர் பக்கம். எடி பெர்ட்ராண்ட் பிரிந்து போய் ஈரமான ஒலியோடு ஷோமென் குழுவைத் தொடங்கினார்.

1994-ல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படம் டேலின் 'மிசிர்லூ' பதிவை முகப்பில் வைத்த பிறகு, அவர் கச்சேரிக்குப் புதுக்கூட்டம் வந்தது. மேடையில் மூன்றே பேர்: கிட்டார், பாஸ், டிரம்ஸ். முன்கூட்டிய பாட்டுப் பட்டியல் கிடையாது. ஒரு பாட்டைத் தொட்டு நாலு வரியில் இன்னொன்றுக்குத் தாவுவார், பழைய நாட்டுப்பாட்டுகளைப் பாடுவார், டிரம்ஸ் குச்சியால் பாஸ் கம்பிகளைத் தட்டுவார், ட்ரம்பெட் ஊதுவார். ஒலியோ நெஞ்செலும்பில் இடிக்கும் அளவு. இசைத்தட்டில் கேட்ட ஈரத்தையும் முழுப் பாட்டையும் தேடி வந்தவருக்கு அது கைநழுவிய மாலை. வலது தோளில் தொங்கும் கிட்டாரின் அடியைப் பார்க்க வந்தவருக்கு வாழ்நாள் காட்சி. புற்றுநோயும் சிறுநீரகக் கோளாறும் நீரிழிவுமாக, மருத்துவச் செலவுக்காகவே ஊர் ஊராகப் போவதாக 2015-ல் அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, குறைசொல்லும் நாவும் கொஞ்சம் தயங்கியது. 2019 மார்ச் 16 அன்று 81 வயதில் இறக்கும்வரை அவர் ஓய்வு பெறவில்லை.

ஈரம் போதவில்லை என்ற அந்தக் குறைக்குக் கணக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 170 தாளத் தட்டு, தாளத் தட்டுக்கு நான்கு அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.088 விநாடி. விநாடிக்கு 11 அடிக்கு மேல். நீண்ட வால் கொண்ட சுருள்வில் தட்டு 3 விநாடி முழங்கும். முப்பதுக்கும் மேற்பட்ட அடிகள் ஒரே வாலில் மிதக்கும். வாத்தியத்தை நேராகப் பதிவுசெய்யும்போது இதைத் தாங்கலாம். கூடத்துக்கே 2 விநாடி முழக்கம் இருந்து, ஒலிபெருக்கியும் உச்சத்தில் இருந்தால், அடி கரைந்து வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். அடியைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் குறைப்பது மிக்சரைத்தான்.

மேடையில் சுருள்வில் பெட்டி வேறு வகையிலும் காலை வாரும். பெருக்கியின் தலைமேல் வைத்தால் ஸ்பீக்கரின் அதிர்வு வில்லை ஆட்டி, அது மீண்டும் ஸ்பீக்கருக்குப் போய், ஊளையிடும். தரையில் நுரைமெத்தைமேல் வைப்பதே வழி. மேடை மரப்பலகையில் யாராவது குதித்தால் இடி இடிக்கும், அதற்கு மருந்தில்லை. இரைச்சல் 'உம்' என்று வந்தால், தட்டின் வெளிவரும் முனை மின்மாற்றிக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள், தட்டைத் திருப்பினால் அடங்கும். முழக்கமே இல்லையென்றால் பெரும்பாலும் தட்டுக்குப் போகும் ஆர்சிஏ இணைப்புக் கம்பி விட்டுப்போயிருக்கும். மாற்றுத் தட்டு வாங்கும்போது குறியீட்டின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். 'ஏ' என்றால் திறந்த பக்கம் மேலே, 'பி' என்றால் கீழே. தவறாகப் பொருத்தினால் வில் தொய்ந்து அடைப்பில் உரசும்.

எழுதும்போது: ரீவெர்ப் எதிர்முழக்கம், ஸ்பிரிங் ரீவெர்ப் சுருள்வில் எதிர்முழக்கம், டிகே தேய்வு, வெட் ஈரம், ட்ரை உலர். பேச்சில் 'ரீவெர்ப்' இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நட்டமில்லை. 'எக்கோ'வை மட்டும் அதன் வேலைக்கு விட்டுவிடலாம். ட்ரிப்புக்குச் சொட்டு என்பதே போதும். டுவெல்லை 7-லும் மிக்சரை 5-லும் டோனை 6-லும் வைத்து, உள்ளங்கை ஓரத்தை, கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகே, கம்பிகள்மேல் பதித்துத் தடித்த கம்பியை வெட்டித் தட்டினால், அது சொட்ட வேண்டும். சொட்டாமல் மந்தமாக முணுமுணுத்தால் வில்லைக் குறைசொல்வதற்கு முன் அதை உந்தும் 6கே6 என்ற வெற்றிடக்குழல் வால்வை மாற்றிப் பாருங்கள்.