மண் எடுத்த படம்

ஒளி புகாத பெட்டி ஒன்று. அதற்குள் 8-க்கு 10 அங்குல ஃபிலிம், அதன் மேல் பரப்பிய மண். மூடிவிட்டு ஒரு மாதம் தொடாமல் இருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் பிறந்து நியூயார்க்கில் வசித்துவந்த ஷிம்பேய் தகேடா என்ற ஒளிப்படக் கலைஞர் 2012-ல் செய்தது இவ்வளவுதான். முந்தைய ஆண்டு மார்ச்சில் அவருடைய பிறந்த மண்ணில் அணு உலைகள் உருகியிருந்தன. கோட்டை, ஆலயம், ஏரிக்கரை என்று அலைந்து மண் எடுத்துவந்தார். கேமராவுக்கு வேலையே இல்லை. மண் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டது.

கதிரியக்கத்தைக் கருப்பொருளாக்கும் கலைஞர்கள் பலர், கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியின் படபடச் சத்தத்தை அரங்கில் ஒலிக்கவிடுவார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பயமுறுத்துகிறது, அத்தோடு சரி. கருவி ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘எங்கே’ என்று சொல்வது ஃபிலிம்.

ஃபிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். அதில் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் பொடிப்பொடியாகப் பதிந்திருக்கும். உலையிலிருந்து வந்து மண்ணில் படிந்த கதிரியக்கத் தனிமம் சீசியம். அதன் அணு சிதையும்போது ஒரு எலக்ட்ரானை வேகமாக உமிழ்கிறது. இதுதான் பீட்டா துகள். அது படிகத்துக்குள் பாயும்போது அங்குள்ள எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது. அவற்றைப் பிடித்துக்கொண்ட வெள்ளி அயனிகள் வெள்ளி அணுக்களாகின்றன. ஒரு படிகத்தில் நான்கைந்து அணுக்கள் சேர்ந்தாலே போதும். ஃபிலிமைக் கழுவும்போது (ஸ்டூடியோக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசல் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் கரிய வெள்ளியாக மாற்றிவிடும். கண்ணுக்கு எட்டாத ஒரு சிதைவு, நூறு கோடி மடங்கு அளவில் பெருகிக் கறுப்புப் புள்ளியாகிறது. பிரிண்ட் போட்டால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி.

நிஹோன்மாட்சு கோட்டை மண்ணின் படத்தில் அப்படி ஏராளமான புள்ளிகள். அமாவாசை வானம் போல இருக்கிறது. ஆனால் ஏன் புள்ளி? படம் முழுவதும் மங்கலான வெளுப்பாக அல்லவா பரவியிருக்க வேண்டும்? சீசியம் மண்ணில் சீராகக் கலப்பதில்லை. அபிரக வகைக் களிமண்ணின் அடுக்குகளுக்கு இடையே போய்ச் சிக்கிக்கொள்கிறது. மழை எளிதில் அதை அரித்துச் செல்வதில்லை. அதோடு, உலையிலிருந்து கண்ணாடி போன்ற நுண்துகள்களும் வெளிவந்தன. சில மைக்ரான் குறுக்களவுதான், ஆனால் உள்ளே சீசியம் செறிந்திருக்கும். இப்படித் திட்டுத்திட்டாகக் கிடப்பதால்தான் படம் புள்ளி வைத்த கோலமாகிறது.

கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டதே இப்படியொரு படத்தால்தான். 1896 பிப்ரவரி இறுதியில் பாரிஸில் மேகமூட்டம். யுரேனிய உப்பை வெயிலில் வைக்க முடியாமல், கறுப்புத்தாள் சுற்றிய ஒளிப்படத் தட்டோடு மேசை இழுப்பறைக்குள் போட்டுவைத்தார் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்றி பெக்கரல். இடையில் ஒரு செம்புச் சிலுவையும் இருந்தது. மார்ச் 1 அன்று கழுவிப் பார்த்தால் வெயிலே படாத தட்டில் சிலுவையின் நிழல். 1946-ல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டுகளைச் சோதித்த பிறகு அங்கே பிடித்த மீன் ஒன்றை உலர்த்தித் தட்டின் மேல் வைத்தார்கள். செதில்கள் வரை தெரிந்தன. வயிற்றில் அது கடைசியாகத் தின்ற பாசி மட்டும் பளீரென்று ஒளிர்ந்தது. ‘எங்கே’ என்ற கேள்விக்கு இதைவிடத் துல்லியமான பதில் கிடையாது.

நம் ஊர்த் திருவிழாக்களில் தலையில் சுமந்துபோன பெட்ரோமாக்ஸ் விளக்கும் இந்தக் கதையில் உண்டு. அதன் சுடரில் ஒளிரும் வலைத்துணிதான் மேண்டில். பழைய மேண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருந்தது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின், தோரியம் கொண்ட மோனசைட் மணல் ஒரு காலத்தில் மேண்டில் தொழிலுக்காகவே கப்பலேறியது. அப்படிப்பட்ட மேண்டிலை இருட்டில் ஃபிலிம் மேல் சில நாட்கள் வைத்தால் அதன் வலைப்பின்னல் அப்படியே பதியும். விளக்கைப் பற்றவைக்கவே தேவையில்லை.

ஒளிப்படக் கலைஞர் மசமிச்சி ககயாவும் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியர் சதோஷி மோரியும் ஃபிலிமுக்குப் பதில் இமேஜிங் பிளேட் பயன்படுத்தி ஃபுகுஷிமாவின் கையுறை, செருப்பு, செடிகொடிகளைப் பதிந்தார்கள். யூரோப்பியம் கலந்த அதன் படிகங்கள் கதிரியக்க ஆற்றலைச் சேமித்துவைக்கும். சிவப்பு லேசர் பட்டதும் நீல ஒளியாகக் கக்கும். தடயம் தேடும் வேலைக்கு இது வசதி. ஆனால் ஒரு மாதக் காத்திருப்பில் ஒவ்வொரு புள்ளியாகக் கூடிவந்த தகேடாவின் படத்தில் உள்ள கனம் எனக்கு இதில் கிடைப்பதில்லை.

அதே மண்ணை இன்று அதே பெட்டியில் வைத்தால் அதே படம் வராது. மண்ணில் விழுந்த சீசியத்தில் முக்கியமாக இரண்டு வகை. சீசியம்-134-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், இரண்டு ஆண்டு. கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துவிட்டது. சீசியம்-137-க்கு முப்பது ஆண்டு. அது மட்டும் மெதுவாகக் குறைந்துகொண்டிருக்கிறது. அந்த ஒரு மாத அடர்த்தி வேண்டுமென்றால் இப்போது இரண்டு மாதமாவது பெட்டியைத் திறக்காமல் இருக்க வேண்டும்.