கிளிட்ச் என்றால் கோளாறு அல்ல, பிசகு

லினக்ஸ் கணினியில் ஒரு செயலியைத் திறக்கிறோம். சாளரம் வந்து நிற்பதற்குள் ஒரு கறுப்புக் கட்டமோ, சற்றுமுன் மூடிய படத்தின் துண்டோ பளிச்சென்று தெரிந்து மறைகிறது. அப்புறம் எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. இதைத்தான் கிராஃபிக்கல் கிளிட்ச் என்கிறார்கள். தமிழில் இதை ‘வரைகலைக் கோளாறு’ என்று எழுதுவது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. அது தவறு.

கிளிட்ச் என்ற சொல் யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அங்கே அதற்கு வழுக்குதல் என்று பொருள். 1962-ல் விண்வெளி வீரர் ஜான் கிளென், மின்சுற்றில் மின்னழுத்தம் சட்டென்று எகிறுவதைக் கிளிட்ச் என்று குறிப்பிட்டார். சட்டென்று வரும், சட்டென்று போகும்: சொல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கோளாறு அப்படியா? ‘வயித்துக் கோளாறு’ என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று செய்தியில் வந்தால் விமானத்தை இறக்கிவிட்டார்கள் என்று பொருள். ஏதோ கெட்டுவிட்டது, கெட்டே கிடக்கிறது, யாராவது சரிசெய்ய வேண்டும் என்பதே கோளாறு. பாளையங்கோட்டையில் படிக்கிற பையன் வரைகலைக் கோளாறு என்று வாசித்தால் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு போயிட்டு என்றுதான் நினைப்பான். வீட்டில் காசு கேட்பான், வண்ணாரப்பேட்டையில் கடை தேடுவான். கார்டு நன்றாகவே இருக்கும்.

உண்மையில் நடப்பது வேறு. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டுவதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. 1984-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் சாளர முறை அதில் பழையது. அதில், செயலி தன் சாளரத்தைத் திரையில் காட்டச் சொல்லிவிட்டு அதன்பிறகு உள்ளே வரையலாம். திரை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஒரு முறைக்கு ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. வரைவதற்கு இரண்டு மூன்று சுற்று தாமதமானால், அந்த நினைவகத்தில் முன்பு கிடந்த குப்பை கண்ணில் படும். எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் தொடங்கிய வேலேண்டில், செயலி வரைந்த முதல் படத்தைக் கொடுக்கும்வரை சாளரம் தோன்றவே தோன்றாது. ஆகவே இந்த வகைத் தொல்லை அங்கே குறைவு. ஆனால் கார்டு வரைந்து முடிக்கும் முன்பே படத்தைத் திரைக்கு எடுத்துவிட்டால் அங்கேயும் சிமிட்டும். வரைந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்லி அதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்று பெயர்; இன்று புழங்கும் வடிவில் அது வேலேண்டில் சேர்ந்தது 2024-ல். ஆக, பொருள் ஒன்றும் கெடவில்லை. முன்னே நடக்க வேண்டியது பின்னே நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குப் பொருத்தமான சொல் நம்மிடம் இருக்கிறது: பிசகு. ‘காலு பெசகிட்டு’ என்று திருநெல்வேலிப் பக்கம் யாராவது சொன்னால் எலும்பு முறிந்தது என்று எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவியிருக்கிறது என்றே புரிந்துகொள்வார்கள். ‘இம்மி பிசகாமல்’ என்கிறோமே, அதிலும் அதே பொருள்தான். பேச்சுச் சொல், கலைச்சொல்லுக்குரிய கம்பீரம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். படித்தவுடன் புரிவதைவிடப் பெரிய கம்பீரம் ஒரு கலைச்சொல்லுக்கு வேண்டியதில்லை.

‘வழு’ என்று எழுதுவோரும் உண்டு. ‘பக்’ (bug) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘வழு’ நிலைத்துவிட்டது, நல்ல சொல்லும்கூட. ‘அவன் வந்தாள்’ என்பது இலக்கணத்தில் வழு. நிரலுக்குள் இருக்கும் தவறும் அப்படியே. ஆனால் கிளிட்ச் நம் கண்ணுக்குத் தெரிவது, வழு அதன் காரணம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘இந்த வழுவால் அந்த வழு வருகிறது’ என்று எழுத வேண்டி வரும்.

‘வரைகலை’யும் இங்கே ஒட்டவில்லை. வரைகலைஞர் என்றால் படம் வடிவமைப்பவர். ‘திரைப் பிசகு’ என்றால் மானிட்டர் மேல் பழி விழும். ‘காட்சிப் பிசகு’ சரியாக இருக்கும். சிமிட்டினால் சிமிட்டல், படம் குறுக்கே வெட்டுப்பட்டால் கிழிசல் என்று வகையையும் சேர்த்துச் சொல்லலாம். தயவுசெய்து ‘மினுமினுப்பு’ வேண்டாம். எண்ணெய் தேய்த்த உடம்பு மினுமினுக்கும், அது குறையே இல்லை.

இந்தக் குழப்பம் மொழிபெயர்க்கும் முறையிலேயே இருக்கிறது. செயலியில் வரும் வரிகளை மொழிபெயர்ப்பதற்கான பி.ஓ. கோப்பில் மூல வரி இருக்கும், கீழே நிரப்ப ஓர் இடம் இருக்கும். செயலியைத் திறந்தே பார்க்காமல், அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு வரிவரியாக நிரப்பிக்கொண்டு போகிறார்கள். தமிழில் இடைமுகத்தை வைத்துப் பயன்படுத்துகிற மாணவர்கள் இரண்டே நாளில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோளாறு என்ற சொல்லுக்கும் வேலை உண்டு. கணினியைப் போட்டதும், லினக்ஸ் ஏறும் முன்பே, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் திரையிலேயே கோடுகோடாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் வன்பொருள் சிக்கல். அதைக் கோளாறு என்றே எழுதுங்கள், கடைக்கும் கொண்டு போங்கள். சாளரம் திறக்கும்போது மட்டும் வந்து மறைந்தால், ‘சாளரம் திறக்கையில் காட்சிப் பிசகு, கறுப்புக் கட்டம் தோன்றி மறைகிறது’ என்று எழுதி, எக்ஸா வேலேண்டா என்பதையும் சேர்த்து நிரலாளருக்கு அனுப்புங்கள்.