மஞ்சள் கோட்டில் ஏன் நிற்கிறது விமானம்? ரன்வேக்குள் நுழைவதற்கான விதிகள்

விமானம் மெதுவாக உருண்டு வந்து ரன்வேக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆகும். “இன்னும் ஏன் எடுக்கல?” என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்கும். அந்த நேரத்தில் பைலட்டின் கண்முன் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கின்றன. விமானம் நிற்கும் பக்கம் இரண்டு முழுக்கோடுகள், ரன்வே பக்கம் விட்டுவிட்டுப் போட்ட இரண்டு கோடுகள். ஓரத்தில் சிவப்புப் பலகை, அதில் வெள்ளை எழுத்தில் ரன்வேயின் எண். முழுக்கோட்டின் பக்கம் நிற்பவர், டவர் எனப்படும் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லாமல் தாண்டக் கூடாது. தரையிறங்கி வெளியே வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது விட்டுவிட்டுப் போட்ட கோடு. அவர் அங்கே நிற்காமல், நான்கு கோடுகளையும் முழு விமானமும் கடக்கும்வரை வந்துவிட வேண்டும்.

இந்தக் கோட்டைத் தவறாகத் தாண்டுவதைத்தான் ரன்வே அத்துமீறல் என்கிறோம். ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறை இது: விமானமோ வண்டியோ ஆளோ, இருக்கக் கூடாத நேரத்தில் ரன்வேயின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இருந்தால் அது அத்துமீறல். மோதினால்தான் கணக்கு என்றில்லை. மயிரிழையில் தப்பியது ‘ஏ’ வகை, உடனடி ஆபத்து ஏதும் நேராதது ‘டி’ வகை என்று தரம் பிரிக்கிறார்கள். ‘ஏ’ வகை என்றால், ஒருவருக்கும் கீறல்கூட விழாவிட்டாலும் அது கடும் சம்பவம்; விபத்தைப் போலவே முறையாகப் புலனாய்வு செய்ய வேண்டும்.

ரன்வேக்குள் நுழைய, குறுக்கே கடக்க, இறங்க, ஏற, முன்னால் நிற்க என எந்த உத்தரவானாலும் பைலட் அதை டவருக்கு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். டவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, பிசகியிருந்தால் திருத்த வேண்டும். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே, மேலெழ அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் டவர் சொல்லலாம். மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ என்பார்கள். இந்தக் கறாருக்குப் பின்னால் 1977 மார்ச் 27 இருக்கிறது. டெனரிஃப் தீவில் மூடுபனி. அனுமதி கிடைக்காமலே நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன ஜம்போ விமானம் ஓடத் தொடங்கியது; அதே ரன்வேயில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன ஜம்போ இன்னும் உருண்டுகொண்டிருந்தது. ‘டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று கேஎல்எம் சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று டவர் எடுத்துக்கொண்டது. ‘ஓகே, காத்திருங்கள்’ என்று டவர் சொன்ன பதிலில், அதே நொடியில் பான் ஆமும் பேசியதால், ‘ஓகே’ மட்டுமே கேஎல்எம்முக்குத் தெளிவாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள்.

ஆனால் சரியாகத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது என்பதை டோக்கியோவின் ஹனேடா காட்டியது. 2024 ஜனவரி 2, மாலை 5:47. முந்தைய நாள் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக வேண்டிய கடலோரக் காவல்படை விமானத்திடம், ‘நம்பர் ஒன், சி5 நிறுத்துமிடத்துக்கு வரவும்’ என்றது டவர். நிறுத்துமிடம் என்றால் ரன்வேக்கு வெளியே அந்த மஞ்சள் கோட்டருகே நிற்கும் இடம். அவர்களும் பிசகில்லாமல் அதையே திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து ரன்வேக்குள்ளேயே போய் நின்றார்கள். ‘நம்பர் ஒன்’ என்றால் வரிசையில் முதல் ஆள் என்றுதான் பொருள். ஏறக்குறைய 40 விநாடி அந்தச் சிறிய விமானம் இருட்டில் அங்கேயே நின்றது. டவரின் திரையில் எச்சரிக்கை தெரிந்தும் யார் கண்ணிலும் படவில்லை. இறங்கிவந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 பயணிகள் விமானம் அதன்மேல் மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

நிறுத்துமிடத்தில் தரையோடு பதித்த சிவப்பு விளக்கு வரிசை ஒன்று உண்டு, ஸ்டாப் பார் என்பார்கள். அது எரியும்போது நிற்க வேண்டும், அணைந்த பிறகே நகர வேண்டும் என்பது விதி. ஹனேடாவில் அந்த இடத்து விளக்குகள் அன்று பராமரிப்பில் இருந்தன. அவை வேலை செய்யும் நிலையில் இருந்திருந்தாலும், பார்வைத்தூரம் குறையும்போது மட்டுமே அவற்றைப் போடுவது அங்கிருந்த வழக்கம். என் கருத்தில், நெரிசலான நிலையங்களில் இந்த விளக்கு மூடுபனிக்குக் காத்திருக்கக் கூடாது. இரவும் பகலும் எரிய வேண்டும். காது ஏமாந்தாலும் கண்ணுக்கு நேரே சிவப்பு எரிந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

ஏ350-ல் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஒலிபெருக்கி வேலை செய்யாததால் பணிப்பெண்கள் மெகாஃபோனில் கத்தி வழிகாட்டினார்கள். பயணிகள் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். பயணிக்கென்று இருக்கிற விதி இது ஒன்றுதான் என்றே சொல்வேன்: வெளியேறச் சொன்னால் மேலே இருக்கும் பெட்டியைத் தொடாதீர்கள்.

நம் நாட்டுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் மேலெழுந்துகொண்டிருந்தபோதே அதே ரன்வேயில் இண்டிகோ விமானம் இறங்கியது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ விசாரணை தொடங்கியது. பொதுவிதிப்படி, முன்னால் கிளம்பியது ரன்வேயின் மறுமுனையைத் தாண்டும்வரை அல்லது திரும்பத் தொடங்கும்வரை, பின்னால் வருவது இந்த முனையைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வெளிச்சமும் வானிலையும் நன்றாக இருந்தால் நிபந்தனைகளோடு இடைவெளியைக் குறைக்கலாம். இடைவெளி போதாதென்று தோன்றினால் இறங்கும் விமானம் மீண்டும் மேலேறிச் சுற்றிவரும். அப்படி ஏறினால் பயப்பட வேண்டாம். அது பைலட்டின் தவறில்லை, விதிப்படி நடப்பது.

விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே கோடுதான். 2022 நவம்பர் 18 அன்று பெருவின் லிமாவில், ரன்வேக்குள் வந்த தீயணைப்பு வண்டியும் மேலெழ ஓடிவந்த விமானமும் மோதின. விமானத்தில் இருந்த 108 பேரும் பிழைத்தார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவசர வேலைக்கான வண்டியானாலும் டவரின் அனுமதி வேண்டும். சென்னைபோல இரண்டு ரன்வேக்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், எந்தப் பாதையில் நிற்கிறோம் என்ற சந்தேகம் வண்டி ஓட்டுபவருக்கு வந்தால் உடனே டவரிடம் சொல்ல வேண்டும்.  டவர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், விமானங்கள் ஓடும் பாதைகளைவிட்டு விரைவாக வெளியேறி, பாதுகாப்பான தூரம் போன பிறகுதான் நிற்க வேண்டும்.