லெஜிஸ்லேடிவ் வீட்டோ: அவைத் தடுப்புரிமை

'வீட்டோ' என்றதும் ஐ.நா. பாதுகாப்பு அவைதான் நம் நினைவுக்கு வரும். லத்தீனில் அச்சொல்லுக்கு 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். அமெரிக்காவில் நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவுக்கு அதிபர் ஒப்புதல் மறுப்பது வீட்டோ. லெஜிஸ்லேடிவ் வீட்டோ இதற்கு நேர்மாறானது: நிர்வாகம் எடுத்த முடிவைச் சட்டம் இயற்றும் அவை தீர்மானம் போட்டுத் தடுப்பது.

இந்த அதிகாரம் ஆட்களை எப்படித் தொட்டது என்பதற்குச் சதா என்பவரின் வழக்கு சாட்சி. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சதா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 1966இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர். 1972இல் விசா முடிந்தது. வெளியேற்றினால் கடுந்துன்பத்துக்கு ஆளாவார் என்று கண்ட, நிர்வாகத் துறையைச் சேர்ந்த குடிவரவு நீதிபதி, 1974இல் நாடுகடத்தலை நிறுத்திவைத்தார். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த முடிவு காங்கிரஸுக்குப் போகும். காலக்கெடுவுக்குள் அதன் இரு அவைகளில் ஒன்று எதிர்த்தாலே போதும், சலுகை கிடைக்காது. 1975 டிசம்பர் 16 அன்று பிரதிநிதிகள் அவை, 340 பேர் பட்டியலில் சதா உட்பட ஆறு பேருக்குச் சலுகையை மறுத்தது. தீர்மானம் அச்சிட்டுத் தரப்படவில்லை, விவாதமில்லை, யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை.

1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றது. ஒருவரின் சட்ட உரிமையை மாற்றும் செயலுக்கு இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும், அது அதிபரிடமும் போக வேண்டும் என்றார் தலைமை நீதிபதி பர்கர். தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்வது நீதிமன்ற வேலை என்று தனியாக எழுதினார் நீதிபதி பவல். எனக்கு அவர் சொன்னதே முதன்மையாகப் படுகிறது: நேரில் விசாரித்து எடுத்த முடிவை, ஆளையே கேட்காத அவை மாற்றியது பெரும் அநீதி. ஏறத்தாழ 200 சட்டங்களில் இருந்த கண்காணிப்புக் கருவி பறிபோகிறது என்று நீதிபதி வைட் எதிர்த்ததும் புறந்தள்ளக் கூடியதல்ல.

தமிழில் என்ன சொல்வது? 'சட்டமன்ற வீட்டோ' என்றால் நம்மூர் வாசகர் மாநிலச் சட்டமன்றத்தை நினைப்பார். 'ரத்து அதிகாரம்' என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை. காங்கிரஸின் காலக்கெடு முடியும்வரை அந்தச் சலுகை உறுதியாகாமலே இருந்தது, அவை அதை உறுதியாக விடாமல் தடுத்தது. ஆகவே 'அவைத் தடுப்புரிமை' என்பேன். அதிபரின் வீட்டோவுக்கு 'மறுப்பாணை' என்ற சொல்லே இருக்கட்டும்.