டோசர் செயின் உண்மையில் இழுபடுகிறதா?

சக்கரத்துக்குப் பதில் உருக்குச் செயினில் ஓடி மண் தள்ளும் எந்திரம்தான் டோசர். நிறைய ஓடிய டோசரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேல்பக்கச் செயின் தொய்ந்து கிடக்கும், வண்டி திரும்பும்போது வளைந்து நெளிந்து ஓடும், சில சமயம் ஐட்லரை, அதாவது முன்னால் இருக்கும் வழிகாட்டிச் சக்கரத்தை, விட்டே கழன்று விழும். "செயின் இழுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு கிரீஸ் கன்னை எடுத்து வந்து, அட்ஜஸ்டருக்குள் கிரீஸ் ஏற்றி ஐட்லரை முன்னே தள்ளி இறுக்கிவிடுவார்கள். ஆனால் லிங்க், அதாவது செயினின் கண்ணி, எதுவும் இழுபடவில்லை. போட்ட நாளில் இருந்த அதே நீளத்தில்தான் ஒவ்வொரு லிங்க்கும் இருக்கிறது. மூட்டுகளுக்குள் இடைவெளி கூடிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு மூட்டைப் பிரித்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு ஜோடி லிங்கின் ஒரு முனையில் புஷ், அதாவது தடித்த உருக்குக் குழாய், பிரஸ் வைத்து அடித்து ஏற்றியிருக்கும். மறுமுனையில் பின், அதாவது உருண்டையான உருக்குத் தண்டு. அடுத்த ஜோடியின் பின் இந்தப் புஷ்ஷுக்குள் நுழைந்து நிற்கும். செயின், வண்டியின் பின்புறத்தில் தன்னை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போதும் ஐட்லரைச் சுற்றும்போதும் பின் புஷ்ஷுக்குள் இருபது முப்பது டிகிரி திரும்பி மறுபடி பழைய இடத்துக்கு வரும். திரும்புவது கொஞ்சம்தான், ஆனால் டன் கணக்கில் இழுவிசையைத் தாங்கிக்கொண்டு திரும்புகிறது, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக அழுந்தியபடி. அதனால்தான் கழற்றிய பழைய பின்னை விரலால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் புதுசு மாதிரி உருண்டையாகவும், மறுபக்கம் நடுவில் தேய்ந்து, ஓரத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு விளிம்போடும் இருக்கும்.

கேட்டர்பில்லர் டி6 அளவுள்ள டோசரில் ஒரு பின்னின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 203 மி.மீ., அதாவது 8 அங்குலம். இதைத்தான் பிட்ச் என்கிறார்கள். மூட்டுக்கு 3 மி.மீ. தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கச் செயினில் சுமார் 40 லிங்க் என்றால் மொத்தத்தில் 120 மி.மீ. கூடிவிட்டது. ஐட்லரைத் தள்ளித் தள்ளி, இனி தள்ள இடமில்லை என்ற நிலை வந்ததும் சிலர் ஒரு லிங்க்கை உருவிவிட்டு செயினை மாட்டிவிடுவார்கள். தொய்வு போய்விடும், வியாதி போகாது. ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் 203-க்கு வெட்டப்பட்டவை, செயினோ இப்போது 206. புஷ் பள்ளத்தில் போய் உட்காராமல் பல்லின் மேல் ஏறி உரசும், பல்லின் நுனி கூராகிக்கொண்டே வரும். அந்தச் செயினோடு புது ஸ்ப்ராக்கெட் போட்டால் அதையும் தின்றுவிடும். பழைய சைக்கிள் செயினுக்குப் புதுப் பல்சக்கரம் போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

இவ்வளவு கெட்டியான உருக்கு ஏன் தேய்கிறது? மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ், கடினப்படுத்திய உருக்கைவிடவும் கடினமானது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் கடலூர் மணற்கல் போன்ற இடங்களில் ஓடும் எந்திரத்துக்கு இது அன்றாடப் பிரச்சினை. ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம், மணலும் தண்ணீரும் கலந்து அரைக்கும் பசையாகிவிடும். புஷ்ஷில் மேல்தோல் சில மில்லிமீட்டருக்குத்தான் கடினம், உள்ளே இருப்பது கொஞ்சம் மிருதுவான, அடி தாங்கும் உருக்கு. மேல்தோல் இருக்கும்வரை தேய்மானம் நிதானமாகப் போகும். அது போனதும் சரசரவென்று இறங்கி, புஷ் மெலிந்து, ஒருநாள் விரிசல் விடும்.

ஓட்டுபவர்கள் பலர் கண்டுகொள்ளாத ஒன்று இருக்கிறது. ரிவர்ஸில் ஓடும்போதுதான் புஷ்ஷின் வெளிப்பக்கமும் ஸ்ப்ராக்கெட்டும் அதிகம் தேய்கின்றன. முன்னோக்கிப் போகும்போது ஸ்ப்ராக்கெட் கீழிருந்து செயினை இழுக்கிறது. அங்கே பல்லுக்குள் நுழையும் புஷ், ஏற்கெனவே ஸ்ப்ராக்கெட் மேல் ஏறிவிட்ட லிங்க்கோடு சேர்ந்தது. ஆகவே அது பல்லில் அசையாமல் உட்கார்ந்துவிடும், உள்ளே பின் மட்டும் திரும்பும். ரிவர்ஸ் போட்டால் எல்லாம் தலைகீழ். இழுவிசை மேல்பக்கத்துக்கு மாறுகிறது, பல்லில் முதலில் படும் புஷ் இன்னும் வளையாத லிங்க்கைச் சேர்ந்தது, அந்த லிங்க் வளையும்போது புஷ்ஷும் முழு இழுவிசையோடு பல்லின் மேல் அரைத்துக்கொண்டே திரும்புகிறது. போதாக்குறைக்கு ஐட்லரின் அடியிலிருந்து மேலே சுற்றி ஸ்ப்ராக்கெட் வரை செயினில் பாதி அப்போது இறுக்கத்தில் இருக்கும். செயினை முன்பின் மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். வெறும் வண்டியை வேகமாக ரிவர்ஸ் எடுத்து நேரம் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்கள் புஷ்ஷைத்தான் செலவழிக்கிறார்கள்.

சரி, தேய்ந்ததை என்ன செய்வது? தேய்மானம் ஒரு பக்கம்தானே. பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, இரண்டையும் 180 டிகிரி திருப்பி மறுபடி ஏற்றினால், இதுவரை சும்மா இருந்த பக்கங்கள் வேலைக்கு வரும். பிட்ச் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பும், ஸ்ப்ராக்கெட்டைப் பார்க்கும் புஷ்ஷின் முகமும் புதுசு. இதற்கு 100 டன்னுக்கு மேல் தள்ளும் பிரஸ் வேண்டும். சம்மட்டியால் அடித்துக் கழற்றலாம் என்று இறங்குபவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், கடினமான உருக்குச் சில்லு தெறித்தால் கண் போய்விடும். ஒரு செயினுக்கு ஒரு தடவைதான் திருப்ப முடியும். விரிசல் விட்ட புஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை, எனவே முன்கூட்டியே அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல்லில் பழைய பின் ஒன்றை வைத்து ரிவர்ஸில் மெதுவாக நகர்த்தினால் மேல்செயின் விறைத்து நிற்கும். செயினைப் பிரித்துச் சேர்க்க வைத்திருக்கும் மாஸ்டர் பின்னை விட்டுவிட்டு நான்கு லிங்க் நீளத்தை டேப்பில் அளந்து நான்கால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். புஷ்ஷின் வெளிப்பக்கத் தேய்மானத்தை அளக்கக் காலிப்பர்.

1904-ல் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகள் பொருத்திய செயினை மாட்டி ஓட்டினார். அன்றிலிருந்தே மூட்டுக்குள் மண் போவது தலைவலிதான். 1970-களில் கேட்டர்பில்லர் கொண்டுவந்த, எண்ணெய் நிரப்பி சீல் வைத்த செயின் உள்தேய்மானத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தது: பின்னின் நடுவில் துளை, அதற்குள் எண்ணெய், வெளியே போகாதபடி சீல். இதில் பிட்ச் நீளாது, புஷ்ஷின் வெளிப்பக்கம் தேய்வதற்காகத்தான் திருப்ப வேண்டும், அப்போது சீலும் எண்ணெயும் புதிதாகப் போட வேண்டும். சீல் போன மூட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை நன்றாக ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு பின்னின் முனையிலும் வெப்பமானியைக் காட்டினால், எண்ணெய் வற்றிய பின் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். வெறும் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

திருப்புவதா, மொத்தமாக மாற்றுவதா என்பதை லிங்க்கின் மேல் வண்டியின் எடையைத் தாங்கி உருளும் ரோலர் ஓடும் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் திருப்புங்கள். அதுவும் தீர்ந்திருந்தால் பிரஸ் கூலி வீண். இறுக்கத்தைப் பொறுத்தவரை நடுத்தர டோசரில் ஏறக்குறைய 5 செ.மீ. தொய்வு இருக்கலாம், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் வேலை என்றால் சேறு அடைந்த நிலையிலேயே அளந்து சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ப்ராக்கெட்டில் சேறு ஏற ஏற செயின் தானாக இறுகிவிடும். தளர்த்தும்போது அட்ஜஸ்டர் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காமல், பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திருகுங்கள். உள்ளே கிரீஸ் இருக்கும் அழுத்தத்துக்கு அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.