கண்மாய்த் தண்ணீர் தட்டையா?

காரைக்குடி வட்டாரத்தில் நில அளவை என் தொழில். மனை அளப்பது, ஊருணிக்கு வரும் வரத்துக்காலில் மட்டம் பார்ப்பது, சாலைக்கு லெவல் எடுப்பது என்று பெரும்பாலும் வெயிலில்தான் இருப்பேன். சில வருடங்களாக வேலை நடக்கும் இடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: பூமி தட்டைதான், உருண்டை என்பது ஏமாற்று. சொல்பவர்கள் படித்தவர்கள். கைபேசியில் வரும் வீடியோக்களைத் தொடர்ந்து பார்த்து நம்பத் தொடங்கியவர்கள். அவர்களைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். "பாடப் புத்தகத்தில் இருக்கிறது, படி" என்று பிள்ளைகளை அடக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்டதற்குப் பதில் வேண்டும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஸ்டாஃப் (உயரம் பார்க்கும் அளவுகோல்) பிடிக்க வந்த தம்பி கேட்டான்: "அண்ணே, தண்ணி எப்பவும் மட்டமாத்தானே நிக்கும்? அப்ப பூமி எப்படி வளைஞ்சிருக்கும்?"

தட்டை பூமிக்காரர்கள் முதலில் எடுக்கும் வாதமே இதுதான். தண்ணீர் மட்டமாக நிற்பது உண்மை. ஆனால் மட்டம் என்பது நேர்கோடு அல்ல. தூக்குக்குண்டு தொங்கும் திசைக்கு எல்லா இடத்திலும் செங்குத்தாக இருக்கும் பரப்புதான் மட்டம். அந்தத் திசை இடத்துக்கு இடம் பூமியின் மையத்தை நோக்கி மாறுவதால், பரப்பும் கூடவே வளைகிறது. எவ்வளவு என்றால், நேரான பார்வைக் கோட்டிலிருந்து 1 கிலோமீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டர், 2 கிலோமீட்டரில் 31 சென்டிமீட்டர். தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். 100 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. லெவல் கருவியைப் பின்பார்வைக்கும் (உயரம் தெரிந்த புள்ளி) முன்பார்வைக்கும் (உயரம் காண வேண்டிய புள்ளி) சமதூரத்தில் நிறுத்து என்று பாலிடெக்னிக்கில் சொல்லித் தருகிறார்களே, கருவியின் பிழையோடு இந்த வளைவும் அடிபட்டுப் போவதற்குத்தான். தொலைவுப் பார்வைக்கு வளைவுத் திருத்தம் போட்டுத்தான் கணக்கை முடிப்போம்.

இதே வாதத்தை 1838-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ரோபாதம் என்பவர் கிளப்பினார். பெட்ஃபோர்டு கால்வாயில் தண்ணீரை ஒட்டித் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார். சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிப் போன படகும் தெரிந்தது, ஆகவே பூமி தட்டை என்றார். தண்ணீருக்கு மிக அருகில் உள்ள காற்று அடுக்குகள் ஒளியை வளைத்துவிடும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1870-ல் இயற்கையியல் அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதே கால்வாயில் பார்வைக் கோட்டைத் தண்ணீரிலிருந்து நன்றாக மேலே தூக்கி, நடுவிலும் கடைசியிலும் ஒரே உயரத்தில் குறிகளை வைத்துப் பார்த்தார். நடுக்குறி மேலே தெரிந்தது, அதாவது நடுவில் தண்ணீர்ப் பரப்பு மேடிட்டு வளைந்திருந்தது. இன்றைய வீடியோக்கள் பலவும் ரோபாதம் செய்த பிழையைத்தான் பெரிய ஜூம் கேமராவில் திரும்பச் செய்கின்றன.

இன்னொரு பேச்சும் உண்டு: "நம் முன்னோர் தட்டை என்றார்கள்" என்று ஒரு பக்கம், "நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும்" என்று மறுபக்கம். நம் வீடுகளில் இரண்டு கணக்கும் சேர்ந்தே இருந்தன. அறுபதாம் கல்யாணத்தில் ஐயர் சொல்லும் சங்கல்பத்தைக் கவனித்துக் கேளுங்கள். ஜம்புத்தீவில், மேருவின் தென்புறத்தில் என்று வரும். நடுவே மேரு, சுற்றி ஏழு தீவு, உப்பு, கருப்பஞ்சாறு, நெய், தயிர் என ஏழு கடல். அது புராணத்தின் உலகம். அதே வீட்டில் கிடக்கும் பஞ்சாங்கத்தின் கிரகணக் கணக்கோ பூமியைக் கோளமாகக் கொண்ட சித்தாந்தங்கள் என்னும் வானியல் நூல்களின் மரபிலிருந்து வந்தது. பூமியின் நிழல் விழுவதால்தான் சந்திர கிரகணம் என்று கி.பி. 499 வாக்கிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். கடம்பம்பூவைச் சுற்றி எல்லாப் பக்கமும் இதழ் நிற்பதுபோல் பூமியைச் சுற்றி உயிர்கள் நிற்கின்றன என்றும் சொன்னார். முன்னோர் என்று மொத்தமாகச் சொல்லாமல் எந்த முன்னோர், எதை வைத்துச் சொன்னார் என்று பிரித்துப் பார்ப்பதே அவர்களுக்கு நாம் தரும் மரியாதை என்று நினைக்கிறேன். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் கிரகண நிழலின் வட்ட விளிம்பைத்தான் சான்றாகக் காட்டினார். கொலம்பஸ் காலத்துப் படித்தவர்கள் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள் என்பதும் பிற்காலத்தில் பரவிய கதை. அவரை எதிர்த்தவர்கள் சண்டை போட்டது பூமியின் அளவைப் பற்றி. அதில் சிறிதாகக் கணக்குப் போட்டவர் கொலம்பஸ்தான்.

சரி, பிள்ளைகள் தாங்களே பார்க்க என்ன வழி? செட்டிநாட்டில் பாதி வீடுகளுக்கு மலேசியாவில் சொந்தம் உண்டு. மாலை ஐந்தரைக்குக் கோலாலம்பூருக்கு வீடியோ அழைப்பு போடுங்கள். இங்கே முற்றத்தில் வெயில் இருக்கும்போது அங்கே இருட்டியிருக்கும். கடிகாரத்தில் இரண்டரை மணி வித்தியாசம் என்பது அரசு வைத்த நேரம். தீர்க்கரேகையில் சுமார் 23 டிகிரி, டிகிரிக்கு 4 நிமிடம், ஆக சூரியன் உள்ளபடி ஒன்றரை மணி நேரம் முந்துகிறது. தட்டையான தரைக்கு மேலே சூரியன் சுற்றினால் அது சிறுத்துக்கொண்டே போகவேண்டுமே தவிர, அங்கே அடிவானத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்புறம் துருவ நட்சத்திரம். மொட்டைமாடியில் வடக்கே பார்த்துக் கையை நீட்டி முட்டியை மடக்கினால், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ ஒரு முட்டி உயரம், 10 டிகிரி. டெல்லியில் படிக்கும் அண்ணனைப் பார்க்கச் சொன்னால் கிட்டத்தட்ட மூன்று முட்டி என்பான். ஏப்ரல் நடுவில் காரைக்குடியில் உச்சி நேரத்தில் குச்சிக்கு நிழலே விழாத நாள் வரும். அன்று சென்னையில் 1 மீட்டர் குச்சிக்கு 5 சென்டிமீட்டர் சொச்சம் நிழல் விழும், அதாவது 3 டிகிரி. வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 334 கிலோமீட்டர். 360-ஐ 3-ஆல் வகுத்து 334-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த கணக்கு இதுதான். ஒன்றை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்: இது அளவைத் தருமே ஒழிய, இரண்டு ஊர் நிழல் மட்டும் வடிவத்தை நிரூபிக்காது. அவரும் கோளம் என்று தெரிந்த பிறகுதான் அளந்தார்.

முழுக்கோளமும் அல்ல என்பது 1730-களில் நடுக்கோட்டுப் பக்கம் பெருவுக்கும் வடதுருவப் பக்கம் லாப்லாந்துக்கும் போன பிரெஞ்சு அளவைக் குழுக்களால் உறுதியானது. துருவ ஆரம் நடுக்கோட்டு ஆரத்தைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் குறைவு. நம் நாட்டில் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-ல் பரங்கிமலையில் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட முதலில் அளக்கும் கோடு) அளந்து தொடங்கிய பெரிய அளவையும் பூமியின் வளைவைக் கண்டறியும் நோக்கம் கொண்டதுதான். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவி மோதிச் சிதைந்தது. மனிதர் விடவில்லை, உட்கார்ந்து அதைப் பழுது பார்த்து வேலையைத் தொடர்ந்தார்.

பூமிக்குப் பொருந்தும்படி கணிதத்தில் வரையும் வழவழப்பான, சற்றே தட்டிய கோளத்தோடு ஒப்பிட்டால், கடல்மட்டம் என்ற பரப்பிலும் மேடு பள்ளம் உண்டு. உலகிலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, நூறு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. அதன் விளிம்பில் நாம் இருக்கிறோம். காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் சொச்சம் உயரம். ஆனால் கடல்மட்டத்தை விட்டு அந்தக் கணிதக் கோளத்தை வைத்து உயரம் காட்டும் ஜி.பி.எஸ். செயலி சிலவற்றில் மைனஸ் எண் வரும். அதைப் பார்த்து ஊர் கடலுக்குக் கீழே இருக்கிறது என்று பயப்படவும் வேண்டாம், அந்த எண்ணை வைத்து அஸ்திவாரத்துக்கோ சாக்கடைக்கோ மட்டம் வைக்கவும் வேண்டாம். பக்கத்திலுள்ள பென்ச் மார்க்கிலிருந்து (கடல்மட்ட உயரம் அளந்து குறித்த இடம்) லெவல் எடுத்து வரச் சொல்லுங்கள்.