வாய் திறக்க மறுக்கும் கணினி நோயாளி

மருத்துவ மாணவர்கள் கணினிக்குள் இருக்கும் கற்பனை நோயாளியிடம் கேள்வி கேட்டுப் பழகுவதால் என்ன பயன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மையான நோயாளிக்குத் தொல்லை தராமல் ‘ஹிஸ்டரி’ எடுக்க, அதாவது நோயின் வரலாற்றைக் கேட்டறிய, பழகலாம் என்பது வழக்கமான விடை. அதற்காகவே 1963-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவரை வகுப்புக்கு அழைத்து வந்தார். நடிப்பவருக்குப் பதிலாக நிரல் வந்தால், அது மெய்நிகர் நோயாளி. ஆயினும், கேட்டதையெல்லாம் ஒப்பிக்கும் நிரலிடம் மாணவர் கற்பதற்கு அதிகமில்லை. எப்போது மறைக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு மிக அழகான தீர்வு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி 1972-இல் உருவாக்கிய ‘பாரி’ என்னும் நிரலில் இருக்கிறது. குதிரைப் பந்தயத் தகராறு ஒன்றால் நிழலுலகக் கும்பல் தன்னைக் குறிவைத்திருப்பதாக நம்பும் 28 வயது இளைஞனாக அது பேசியது. கோல்பியின் நோக்கம் கற்பித்தல் அன்று. மிகைச் சந்தேக நோயைப் பற்றிய தம் கோட்பாட்டைச் சோதிப்பதே. நிரலுக்குள் அச்சம், சினம், அவநம்பிக்கை என மூன்று எண்கள் இருந்தன. இழிவாகப் பேசினால் சினம் ஏறும். கும்பலைப் பற்றிய பேச்சை நெருங்கினால் அச்சம் ஏறும். பேச்சு இதமாகத் தொடர்ந்தால் சினம் விரைவில் தணியும், அச்சம் மெல்லக் குறையும், அவநம்பிக்கையோ இறங்கியும் இறங்காமலும் நிற்கும். பதில் அந்த எண்களைப் பொறுத்தே அமைந்ததால், ஒரே கேள்வி முதலில் கேட்கப்பட்டால் ஒரு விடையும், மனம் புண்பட்ட பிறகு கேட்கப்பட்டால் வேறொரு விடையும் பெறும். உண்மை நோயாளிகளுடனும் பாரியுடனும் நடந்த உரையாடல்களின் பதிவுகளைப் படித்த மனநல மருத்துவர்களால், குருட்டு ஊகத்தைவிட மேலாக மனிதரையும் நிரலையும் பிரித்தறிய இயலவில்லை.

சாட்ஜிபிடி போன்ற அரட்டை நிரல்களை இயக்கும் இன்றைய பெரும் மொழி மாதிரிகள், கேள்வியை எப்படிக் கேட்டாலும் புரிந்துகொள்கின்றன. பாரியால் அது முடியாது. ஆனால் அவற்றின் குறை, உதவும் ஆர்வமே. “உடம்புக்கு என்ன?” என்று கேட்ட மாத்திரத்தில், மறைத்திருக்க வேண்டிய குடிப்பழக்கம் வரை கொட்டிவிடக்கூடும். எனவே எதைத் தானாகச் சொல்வது, எதைக் கேட்டால் மட்டும் சொல்வது, எதை நம்பிக்கை பிறந்த பின்பே சொல்வது என்று தகவல்களைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து, பாரியின் எண்களைப் போன்ற ஒரு காவலை வாயிலில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், நோயாளியுடன் பேசும் திறன் கட்டாயப் பகுதி. நம் ஊர் நோயாளி “நெஞ்சைக் கரிக்கிறது”, “கிறுகிறுவென்று வருகிறது” என்றுதான் சொல்வார். மெய்நிகர் நோயாளியும் அப்படியே பேச வேண்டும். அதற்காக அத்தகைய பேச்சை வட்டாரந்தோறும், உரிய ஒப்புதலுடன், பெயர் நீக்கிப் பதிவுசெய்து தொகுக்க நிதி ஒதுக்குவது, விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மைகளை வாங்குவதைவிட அவசரமான செலவு என்பது என் கருத்து.